கிரானுலில் ஒரு மைக்ரான், பாகத்தில் ஐந்து மைக்ரான்: பிபி–நைலான் கலவையில் துளி ஏன் மறுபடி பெரிதாகிறது?

கலவைக்கூடம்_மணி:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எடையில் 75 பங்கு பிபி (பாலிப்ரொப்பிலீன்), 25 பங்கு நைலான் 6, இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (உருக்கிக் கலக்கும் மெஷின்) 235 டிகிரியில் ஓட்டி, கிரானுலாக (சிறு மணிகளாக) வெட்டிய கலவை. கம்பாட்டிபிலைசராக (ஒட்டாத இரண்டையும் இணைக்கப் போடும் பொருள்) மலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபி ஒரு சதவீதம் மட்டும், செலவைப் பார்த்துப் போட்டது. ஸ்ட்ராண்டை (எக்ஸ்ட்ரூடரிலிருந்து வரும் இழை) திரவ நைட்ரஜனில் முக்கி உடைத்து எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பார்த்தால் நைலான் துளிகள் ஒரு மைக்ரானைச் சுற்றி, சீராக இருக்கின்றன. அதே கிரானுலை வாடிக்கையாளர் மோல்டு செய்த பாகத்தை நடுவில் வெட்டிப் பார்த்தால் நாலைந்து மைக்ரான் உருண்டைகள், அங்கங்கே பத்தைத் தொடுகிற குண்டுகளும் உண்டு. கேட் (உருகு அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கம் நகத்தால் சுரண்டினால் மேல்தோல் ஏடு ஏடாக உரிகிறது.

வாடிக்கையாளர் "நீங்கள் சரியாகக் கலக்கவில்லை" என்கிறார். எங்கள் ஆட்கள் "ஸ்க்ரூ வேகத்தை ஏற்றினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: ஒரு முறை உடைந்து சின்னதான துளி, அப்புறம் எப்படிப் பெரிதாகும்? மோல்டிங் மெஷினும் ஸ்க்ரூ வைத்துக் கலக்கத்தானே செய்கிறது?

மோல்டிங்_ஷிஃப்ட்3:

பேரல் (மோல்டிங் மெஷினில் பொருள் உருகும் குழாய்) வெப்பம் என்ன வைத்திருக்கிறார்கள்? 250-க்கு மேல் போனால் உரியத்தான் செய்யும். இன்ஜெக்ஷன் வேகத்தைக் குறைத்து, மோல்டு வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். உரிவது குறையும், என் அனுபவம்.

கலவைக்கூடம்_மணி:

வெப்பம் 245 என்று சொன்னார்கள். வேகத்தைக் குறைத்தும் பார்த்தாயிற்று. உரிவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் நடுவில் இருக்கிற குண்டுத் துளிகள் அப்படியேதான்.

பாலிமர்_சித்தப்பா:

மணி, உங்கள் கேள்வியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. கிரானுலில் பார்த்த ஒரு மைக்ரான் என்பது அந்தக் கலவையின் குணம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அது குணம் இல்லை, எக்ஸ்ட்ரூடரின் வாயிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த நேரத்தில் உறைந்துபோன ஒரு நிலை. மறுபடி உருக்கினால் அது தொடர்ந்து மாறும்.

அடிப்படையிலிருந்து வருகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். சின்ன மூலக்கூறுகள் கலக்கும்போது என்ட்ரோபி (கலைந்து பரவும் போக்கு) உதவிக்கு வரும். பாலிமரில் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டு கிடப்பதால் அந்த உதவி கிட்டத்தட்ட இல்லை. ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் 1941, 42-இல் போட்ட கணக்கு இதுதான். இரண்டு பக்கமும் ஆயிரம் அலகுள்ள சங்கிலிகள் என்றால், அவற்றுக்கு இடையிலான பிடிக்காமையைக் குறிக்கும் கை (χ) என்ற எண் 0.002-ஐத் தாண்டினாலே பிரிந்துவிடும். பிபிக்கும் நைலானுக்கும் அந்த எண் அதைவிட எவ்வளவோ அதிகம். ஆக, எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அவை மூலக்கூறு அளவில் கலக்கப்போவதில்லை. நீங்கள் செய்வது ஒன்றை இன்னொன்றுக்குள் துளியாக உடைத்துத் தூவுவது மட்டும்.

உடைப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஜி.ஐ. டெய்லர் 1932, 34-இல் எழுதிய இரண்டு கட்டுரைகளில் சொல்லிவிட்டார். சுற்றியுள்ள உருகின் பாகுநிலை (கெட்டித்தன்மை) துளியை இழுக்கிறது, இடைமுக இழுவிசை (இரண்டும் தொடும் பரப்பைச் சுருக்கும் விசை) துளியை உருண்டையாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. இந்த இரண்டின் விகிதம்தான் கேப்பிலரி எண். பாகுநிலைகள் சமமாக இருந்தால் இந்த எண் ஏறக்குறைய 0.5-ஐத் தாண்டும்போது துளி உடையும்.

உங்கள் கேஸுக்கே போட்டுப் பார்ப்போம். இடைமுக இழுவிசை மீட்டருக்கு 10 மில்லிநியூட்டன், பிபியின் பாகுநிலை 300 பாஸ்கல்-விநாடி, ஷியர் ரேட் (உருகின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) விநாடிக்கு 100. ஆரம் = 0.5 × 0.01 ÷ (300 × 100). வருவது 0.17 மைக்ரான், அதாவது விட்டம் 0.3 மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் எக்ஸ்ட்ரூடரில் பல இடங்களில் ஷியர் இதைவிட அதிகம், ஆகவே இன்னும் சின்னதாகவே இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பார்த்தது ஒரு மைக்ரான்! மூன்று மடங்கு. மோல்டிங்குக்கு முன்பே, உங்கள் சொந்த மெஷினுக்குள்ளேயே துளிகள் உடைந்தும் சேர்ந்தும் ஒரு சமநிலைக்கு வந்திருக்கின்றன. ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெய் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பெரிய வட்டமாவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இங்கே திரவம் பல லட்சம் மடங்கு கெட்டி என்பதால் மெதுவாக நடக்கிறது.

நைலானை ஒரு சதவீதத்துக்குக் குறைத்து அதே மெஷினில் ஓட்டினால் டெய்லர் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வரும். 25 சதவீதத்தில் துளியும் துளியும் மோதாமல் இருக்க வழியே இல்லை.

எம்டெக்_மாணவி:

சித்தப்பா, பாகுநிலை விகிதம் (துளியின் பாகுநிலையைச் சுற்றியுள்ள உருகின் பாகுநிலையால் வகுத்தது) நாலுக்கு மேல் போனால் சாதா ஷியரில் உடையவே உடையாது என்று படித்தேன். கிரேஸ் வளைவு. மணி அண்ணாவின் நைலான் ரொம்பக் கெட்டியான கிரேடாக இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா?

ரியோலஜி_ராதா:

கிரேஸ் வளைவு சரிதான். ஆனால் அது நியூட்டோனியன் (வேகம் மாறினாலும் பாகுநிலை மாறாத) திரவங்களுக்கு, அதுவும் சாதா ஷியரில் மட்டும். ஸ்க்ரூவின் நீடிங் பிளாக்கில் (பிசையும் பகுதி) நீட்சிப் பாய்வும் (துளியை இழுத்து நீட்டும் பாய்வு) இருக்கிறது, நீட்சியில் அந்த நாலு என்ற வரம்பு கிடையாது. அதோடு மணி சாருக்குக் கிரானுலில் ஒரு மைக்ரான் வந்துவிட்டதே, உடைக்க முடியவில்லை என்றால் அது வந்திருக்காது. இங்கே சிக்கல் உடைவதில் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. "மோல்டிங் மெஷினும் ஸ்க்ரூதானே, அதுவும் கலக்காதா" என்ற கேள்விக்குப் பதில் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். மெதுவாகக் கலக்குவது, கலக்காமல் விடுவதைவிட மோசம். அசையாமல் இருக்கிற உருகில் துளிகள் அவ்வளவாக மோதாது, பாகுநிலை அப்படி. மிக வேகமான பாய்வில் மோதும், ஆனால் சேர்ந்ததும் உடையும், தவிர இரண்டு துளிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பிபி படலம் பிதுங்கி வெளியேற நேரம் கிடைக்காமல் அவை உருண்டு விலகிவிடும். நடுத்தர, மந்தமான பாய்வில் மோதலும் நடக்கிறது, படலம் வடியவும் நேரம் கிடைக்கிறது, உடைக்கிற விசை மட்டும் போதவில்லை. மோல்டிங் மெஷினின் மீட்டரிங் பகுதி, ஸ்க்ரூ பின்வாங்கும் நேரம், ஹாட் ரன்னர் (அச்சுக்குப் போகும் சூடான வழி) எல்லாமே இந்த வகை.

1997-இல் மினாலே, மோல்டனார்ஸ், மெவிஸ் மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஷியர் ரேட் குறைவாக இருக்கும்போது ஒரே நிலையான துளி அளவு என்று ஒன்று இல்லை, முன்னால் என்ன வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு அளவில் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால்தான் வரலாறு அழிகிறது. உங்கள் எக்ஸ்ட்ரூடரில் ஸ்க்ரூ வேகத்தை ஏற்றினால் கிரானுல் இன்னும் அழகாக இருக்கும், வாடிக்கையாளரின் பாகம் அப்படியேதான் இருக்கும்.

மோல்டிங்_ஷிஃப்ட்3:

இது எனக்குப் புதுசு. ஒரு கேள்வி. பேரலில் பொருள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? சின்ன பாகத்தைப் பெரிய மெஷினில் ஏற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து. பாகமும் ரன்னரும் சேர்த்து ஷாட் (ஒரு முறை செலுத்தும் பொருள்) எடை என்ன?

கலவைக்கூடம்_மணி:

ஷாட் 60 கிராம். சைக்கிள் 40 விநாடி. மெஷின் பெரியது என்றுதான் நினைக்கிறேன், பேரலில் 600 கிராமாவது நிற்கும்.

மோல்டிங்_ஷிஃப்ட்3:

பத்து ஷாட் பொருள் உள்ளே. 400 விநாடி, ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஷிஃப்டு மாறும்போது மெஷின் நின்றால் அதற்கும் மேல். உங்கள் எக்ஸ்ட்ரூடரில் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

பாலிமர்_சித்தப்பா:

ஆள் சரியான இடத்தில் கை வைத்தார்.

கலவைக்கூடம்_மணி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரு சதவீதம் கம்பாட்டிபிலைசர் போட்டும் ஏன் சேர்கிறது? அது இடைமுக இழுவிசையைக் குறைக்கத்தானே போடுகிறோம்?

பாலிமர்_சித்தப்பா:

விற்பனைத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கும். இழுவிசையைக் குறைக்கிறது, உண்மைதான். ஆனால் அதன் பெரிய வேலை அது இல்லை. நைலான் சங்கிலியின் முனையில் இருக்கிற அமீன், பிபியில் ஒட்டியிருக்கிற அன்ஹைட்ரைடோடு வினைபுரிந்து இமைடு பிணைப்பாகிறது. இப்படி, பாதி பிபி பாதி நைலான் என்று ஒரு கிராஃப்ட் கோபாலிமர், இடைமுகத்திலேயே பிறக்கிறது. அது துளியைச் சுற்றி ஒரு தோல் மாதிரி நிற்கிறது. இரண்டு துளிகள் நெருங்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிபி வால்கள் நசுங்க மறுக்கின்றன, படலம் கிழிவதில்லை, துளிகள் விலகிப் போகின்றன.

சுந்தரராஜும் மக்காஸ்கோவும் 1995-இல் காட்டியது இதைத்தான். கம்பாட்டிபிலைசர் இல்லாத கலவையில் துளி அளவு, துளியாக நிற்கும் பாலிமரின் சதவீதம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். போட்ட கலவையில் சதவீதம் கூடினாலும் அளவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இழுவிசை குறைந்தது மட்டும் காரணமாக இருந்தால் கோடு கீழே இறங்கியிருக்கும், ஆனால் சாய்வு மாறாது. சாய்வே போய்விட்டது என்றால் சேர்வது நின்றுவிட்டது என்று பொருள்.

(தடுப்பது நசுங்க மறுக்கும் வாலா, இல்லை மரங்கோனி விசையா (பரப்பில் இடத்துக்கு இடம் இழுவிசை மாறுவதால் வருவது) என்று இதில் இரண்டு கட்சி உண்டு. நான் வால் கட்சி.)

இப்போது உங்கள் ஒரு சதவீதத்துக்கு வருவோம். அரை மைக்ரான் ஆரமுள்ள துளிகள், கொள்ளளவில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன செண்டிமீட்டர் கலவைக்குள் இடைமுகப் பரப்பு மட்டும் 1.2 சதுர மீட்டர், ஒரு சாப்பாட்டு மேசை அளவு. அதை மூட, பத்து சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி, சங்கிலி எடை 50,000 என்று கணக்கு வைத்தால், சுமார் 10 மில்லிகிராம் கோபாலிமர் வேண்டும். அதாவது ஒரு சதவீதம்.

பார்த்தீர்களா, ஒரு சதவீதம் போதும் என்று தோன்றும். ஆனால் அது இடைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்து, வினை முடித்த கோபாலிமரின் கணக்கு. நீங்கள் போட்டது வெறும் ஒட்டிய பிபி. அதில் அன்ஹைட்ரைடு அரை, ஒரு சதவீதம்தான் இருக்கும், பல சங்கிலிகள் வினைபுரியாமல் பிபிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் நடைமுறையில் மூன்று, ஐந்து என்று போடுகிறார்கள். உங்கள் துளிகள் பாதி மூடிய நிலையில் வெளியே வந்திருக்கின்றன. எக்ஸ்ட்ரூடரின் ஒரு நிமிஷத்துக்கு அது போதுமாக இருந்தது, ஏழு நிமிஷத்துக்குப் போதவில்லை.

மறுசுழற்சி_வேலு:

கொஞ்சம் திசை மாற்றுகிறேன், மன்னிக்கவும். எங்களிடம் வருவதெல்லாம் பிஇ (பாலிஎதிலீன்), பிபி கலந்த குப்பை. அதில் துளி ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கிறது, எஸ்இஎம் பார்த்தால் பிரமாதம். இழுத்தால் சடக்கென்று உடைகிறது. ஏன்?

ரியோலஜி_ராதா:

பிஇ, பிபி இரண்டும் ஒரே குடும்பம், இடைமுக இழுவிசை மிகக் குறைவு, அதனால் துளி சுலபமாகச் சின்னதாகிறது. ஆனால் இடைமுகத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பின்னிக்கொண்டு, படிகத்துக்குள் நங்கூரம் போட்ட சங்கிலி ஒன்றுகூட இல்லை. துளியின் அளவு ஒரு கேள்வி, ஒட்டுதல் இன்னொரு கேள்வி. 2017-இல் கார்னெலில் கோட்ஸ் குழுவும் மினசோட்டாவில் பேட்ஸ் குழுவும் சேர்ந்து பிஇயும் பிபியும் மாறி மாறி வரும் நாலு கட்டக் கோபாலிமர் ஒன்றைச் செய்து, ஒரு சதவீதம் போட்டாலே உடையும் கலவை இழுபடும் கலவையாக மாறுவதைக் காட்டினார்கள். விலைதான் உங்களுக்குக் கட்டுமா என்று பார்க்க வேண்டும்.

நானோ_நந்தி:

யாரும் நானோகிளே (மிக மெல்லிய களிமண் தட்டுகள்) பற்றிப் பேசவில்லையே? மூன்று சதவீதம் ஆர்கனோகிளே போட்டால் துளி பாதியாகிறது, கம்பாட்டிபிலைசரே வேண்டாம். தட்டுத் தட்டாக நடுவில் நின்று துளிகளைச் சேரவிடாது. கட்டுரைகள் ஏராளம்.

பாலிமர்_சித்தப்பா:

கட்டுரைகள் ஏராளம், ஆனால் அவற்றில் எது வெளி (துளியைச் சுற்றி நிற்கும் பாலிமர்), எது துளி என்று பாருங்கள். கிளேக்கு நைலானைத்தான் பிடிக்கும். நைலான் வெளியாக இருந்து ரப்பரோ பிபியோ துளியாக இருந்தால், தட்டுகள் வெளியில் நின்று மோதலைத் தடுக்கும், துளி சின்னதாகும், நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். மணியின் கலவையில் நைலான்தான் துளி. கிளே போய்த் துளிக்குள்ளே உட்கார்ந்து அதைக் கெட்டியாக்கும், பாகுநிலை விகிதம் ஏறும், உடைப்பதே கஷ்டமாகும். மாணவி மேலே கேட்ட கிரேஸ் வளைவு அப்போது நிஜமாகவே கடிக்கும். கொஞ்சம் கிளே இடைமுகத்தில் நின்று உதவும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது ஒட்டுதல் தராது, மணிக்கு உரிகிற பிரச்சினையும் இருக்கிறது.

நானோ_நந்தி:

வெளி எது, துளி எது என்ற விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் "கிளே ஒட்டுதல் தராது" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, ஒட்டிய பிபியும் கிளேயும் சேர்த்துப் போட்டு நல்ல பலன் வந்த கேஸ்கள் உண்டு.

பாலிமர்_சித்தப்பா:

அங்கே ஒட்டியது யார்? ஒட்டிய பிபிதானே.

எம்டெக்_மாணவி:

உரிவது ஏன் கேட் பக்கம் மட்டும்? நடுவில் உருண்டை, மேலே ஏடு. ஒரே பாகத்தில் இரண்டு விதம்.

ரியோலஜி_ராதா:

கேட்டில் நீட்சி கடுமை, துளி நூலாக இழுபடுகிறது. நூல் தானாகவே அலையலையாகச் சுருங்கி மணிமணியாக உடையும், டொமோடிகா 1935-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அதற்கு நேரம் வேண்டும். பாகுநிலை ஆயிரம், நூலின் ஆரம் ஒரு மைக்ரான், இழுவிசை அதே 10 என்றால் அடிப்படைக் கால அளவு 0.1 விநாடி, உடைந்து முடிய அதைப்போலப் பல மடங்கு, அதாவது சில விநாடிகள். அச்சுச் சுவரில் ஒட்டிய பொருள் அதற்குள் உறைந்துவிடும், ஆகவே நூலாகவே, தட்டையாகவே நிற்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவில் ஒட்டுதல் இல்லாததால் ஏடு உரிகிறது. நடுப்பகுதி உறையப் பல விநாடிகள் ஆகும், அங்கே நூல் உடைந்து உருண்டையாகவும், உருண்டைகள் சேர்ந்து குண்டாகவும் நேரம் இருக்கிறது. ஷிஃப்ட்3 சார் மோல்டு வெப்பத்தை ஏற்றச் சொன்னதும் வேகத்தைக் குறைக்கச் சொன்னதும் இதனால்தான் வேலை செய்கிறது, ஆனால் மேல்தோலுக்கு மட்டும்.

கலவைக்கூடம்_மணி:

இப்போது படம் தெளிவாகிறது. வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் எங்கள் கூடத்திலேயே இதை நிரூபிக்க ஏதாவது சுலபமான சோதனை இருக்கிறதா? எஸ்இஎம் வெளியே கொடுத்துத்தான் எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் காசு.

பாலிமர்_சித்தப்பா:

இருக்கிறது. கிரானுலைச் சின்ன ஹாட் பிரஸ்ஸில் 240 டிகிரியில், அழுத்தம் கொடுக்காமல் தகடுகள் தொடுகிற அளவுக்கு மட்டும் வைத்து, பத்து, இருபது நிமிஷம் விட்டு எடுங்கள். ஒன்றில் உங்கள் ஒரு சதவீதம், இன்னொன்றில் நாலு சதவீதம். அசையாத உருகில் சேர்வது மெதுவாகத்தான் நடக்கும், அதிலேயே துளி வளர்கிறது என்றால் பேரலில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். உடைத்த முகத்தை ஃபார்மிக் அமிலத்தில் வைத்தால் நைலான் கரைந்து குழி விழும், ஓரளவு நல்ல ஆப்டிக்கல் மைக்ராஸ்கோப்பிலேயே நாலைந்து மைக்ரான் குழிகள் தெரியும். ஒரு மைக்ரானுக்குத்தான் எஸ்இஎம் வேண்டும். புகைக்கூண்டில் செய்யுங்கள், கையுறை கட்டாயம், அந்த அமிலம் தோலைப் பொசுக்கிவிடும்.

மொலாவ் சோதனை என்று ஒன்று உண்டு, கலவையை ஃபார்மிக் அமிலத்தில் போட்டு, பால் மாதிரி கலங்கி நின்றால் கிராஃப்ட் இருக்கிறது, பிபி தனியாக மிதந்தால் இல்லை என்று பார்ப்பது. யாராவது அதைச் செய்யச் சொன்னால் ஏமாறாதீர்கள். நைலான் வெளியாக இருக்கிற கலவைக்குத்தான் அது. உங்களுடையதில் பிபிதான் வெளி, கிரானுல் அப்படியே கட்டியாக மிதக்கும், ஒன்றும் தெரியாது.

ரியோலஜி_ராதா:

டிஎஸ்சி (சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் சுலபம். குளிர்விக்கும் வளைவைப் பாருங்கள். பெரிய துளியில் நைலான் 190 டிகிரியை ஒட்டிப் படிகமாகும், ஏனென்றால் ஒவ்வொரு துளிக்குள்ளும் தூசியோ வினையூக்கி மிச்சமோ ஏதோ ஒரு தொடக்கப் புள்ளி இருக்கும். துளி மிகச் சின்னதாகி எண்ணிக்கை அந்தத் தொடக்கப் புள்ளிகளைத் தாண்டிவிட்டால், தூசி கிடைக்காத துளிகள் இன்னும் பல டிகிரி குளிர்ந்த பிறகுதான் படிகமாகும். 190 சிகரம் சுருங்கிக் கீழே இன்னொன்று வந்தால் துளி சின்னது. டிஎஸ்சி பானிலேயே 240-இல் பதினைந்து நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி குளிர்வித்தால், சிகரம் 190-க்குத் திரும்பி வளர்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒரே மாதிரி, ஒரே பகலில் முடிந்துவிடும். துளி அரை மைக்ரானுக்கு மேல் இருந்தால் இது அவ்வளவு கூர்மையாக வராது, நாலு சதவீத மாதிரிக்குத்தான் அதிகம் உதவும்.

எம்டெக்_மாணவி:

எல்லாக் கலவையும் இப்படிச் சண்டை போடுமா? நோரில் என்ற பிளாஸ்டிக்கில் இரண்டு பாலிமரும் கலந்துவிடுகிறதே.

ரியோலஜி_ராதா:

ஆமாம், அதில் இருக்கிற பிபிஓவும் (பாலிபினைலீன் ஆக்சைடு) பாலிஸ்டைரீனும் உண்மையிலேயே கலக்கிற அபூர்வ ஜோடி, 1966-இலிருந்து சந்தையில் இருக்கிறது. ஆனால் கலக்கிற ஜோடிகளுக்கும் வேறு கூத்து உண்டு: பாலிஸ்டைரீனோடு பாலிவினைல் மெதில் ஈதர் குளிர்ந்திருக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவு, சூடேற்றினால் நூறு டிகிரிக்கு மேல் எங்கேயோ வெண்மையாகிப் பிரியும். அதைப் பற்றித் தனி இழை போடுங்கள், இங்கே மணி சாருக்கு அவசரம்.

கலவைக்கூடம்_மணி:

கடைசியாக ஒன்று. நாலு சதவீதத்துக்கு ஏற்றுகிறேன். உலர்த்துவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? இதுவரை 80 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தோம்.

பாலிமர்_சித்தப்பா:

நைலான் மூட்டை திறந்தே கிடந்ததென்றால் நாலு மணி நேரம் போதாது. ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், மீட்டர் வைத்துப் பாருங்கள், மணிக்கணக்கை நம்பாதீர்கள். ஒட்டிய பிபியையும் உலர்த்துங்கள். ஈரத்தில் அன்ஹைட்ரைடு திறந்து அமிலமாகிவிடும், சூட்டில் மறுபடி மூடும்தான், ஆனால் ஒரு நிமிஷ ரெசிடென்ஸில் (பொருள் மெஷினுக்குள் நிற்கும் நேரம்) அந்த நேரத்தையும் இழக்கிறீர்கள். எட்டு, பத்து என்றும் போய்விடாதீர்கள், ஒட்டிய பிபி பொதுவாகவே குட்டைச் சங்கிலி, வெளியை மெலிதாக்கி இம்பாக்ட்டை (அடி தாங்கும் வலு) குறைக்கும்.

மோல்டிங்_ஷிஃப்ட்3:

60 கிராம் ஷாட்டுக்கு 80 டன் மெஷினே தாராளம். பேரலில் 200 கிராமுக்கு மேல் நிற்காது. நான் வேலை பார்க்கும் இடத்தில் வியாழக்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் ஒன்று காலி. மோல்டு டை-பாரில் (மெஷினின் தாங்கு தண்டுகளுக்கு நடுவில்) நுழைகிறதா என்று அளவு மட்டும் அனுப்புங்கள், ஒரு சதவீதம், நாலு சதவீதம் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கலவைக்கூடம்_மணி:

அளவு இன்று மாலைக்குள் அனுப்புகிறேன். பழைய ஒரு சதவீதக் கிரானுல் இரண்டு மூட்டை மிச்சம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.